செம்பாறைப்பட்டில் நிழல் விழுந்த விதம்

ஒரே ஒரு ஊர்ல, ராஜா இல்லை, ராணி இல்லை, ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் உயிரை ஒளித்துவைத்த கிளியும் இல்லை, ஒரு சினிமா தியேட்டர் மட்டும் இருந்தது. அந்த ஊருக்குச் செம்பாறைப்பட்டு என்று பேர். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில், மூன்று பக்கம் பாறை மலையும் ஒரு பக்கம் தண்ணீர் இல்லாத ஆறுமாக, சித்திரை பிறந்துவிட்டால் காக்கா கூடப் பறக்காமல் நடந்து போகும் ஊர். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டி எடுத்துப்போன பிறகு, பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள், சூரியன் நகர நகர அந்த வரிசையும் நகரும், வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அக்கினி நட்சத்திரத்தின் இரண்டாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, பேருந்து நிலையத்து டீக்கடை வாசலில், தியேட்டர் எலக்ட்ரீஷியன் சாமிக்கண்ணு கையில் கிளாஸோடு நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, "எனக்கு பிரியாணி பிடிக்காது" என்றான்.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அடுப்பில் பிரியாணி தேக்சா ஏறுகிற ஊரில் ஒருவன் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் மேல் கை மேலேயும் கீழ் கை கீழேயும் நின்றுவிட்டன. அப்போது சாமிக்கண்ணுவைச் சுற்றி ஒரு நிழல் விழுந்தது. மேலே மரம் இல்லை, மேகம் இல்லை, பந்தல் இல்லை. கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு வெறும் நிழல், வேப்பமரத்தடி போலக் குளுகுளுவென்று. ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை, வெயில் அப்படி. "நவுருப்பா, எனக்கும் கொஞ்சம் எடம் குடு" என்று முதலில் டீக்கடைக்காரர் நுழைந்தார், பிறகு இரண்டு கண்டக்டர்கள், ஒரு போலீஸ்காரர், கடைசியாக ஓர் ஆடு. சாமிக்கண்ணு வீட்டுக்குப் போன பிறகும் நிழல் அங்கேயே கிடந்தது. பொழுது சாய்ந்ததும் வெயிலோடு சேர்ந்து போயிற்று.

மறுநாள் ஊரே முயற்சி செய்து பார்த்தது. "நாடே கெட்டுப்போச்சு" என்றார் ஒருவர், வெயில். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு போனை விட்டா வேற இன்னா தெரியும்" என்றார் இன்னொருவர், வெயில். "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டபோது வெயில் இன்னும் கொஞ்சம் உறைத்ததாகச் சொல்கிறார்கள். சாமிக்கண்ணுவை இழுத்து வந்து அதே இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார்கள். "எனக்கு பிரியாணி பிடிக்காது, பிடிக்காது, பிடிக்கவே பிடிக்காது" என்று அவன் மூன்று தரம் சொல்லியும் ஒரு கைக்குட்டை நிழல் கூட விழவில்லை. பிறகு தையல்கடை ரெஜினா அக்கா, "மழைன்னா எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிப் பார்த்து, ஒன்றும் விழாததால் வெட்கப்பட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழை வரச்சே, கொடியில காயற துணிய நான் எழுந்து போறதுக்குள்ள வேற யாராச்சும் எடுத்துட்டா, அந்த மழை எனக்குப் பிடிக்கும்" என்றாள், ஒரு புடவை நீளத்துக்கு அவள் மேல் நிழல் விழுந்தது.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. கேட்டதைத் திருப்பிச் சொன்னால் விழாது; நிழலுக்காக இல்லாததைச் சொன்னாலும் விழாது; உள்ளே சொந்தமாகக் கிடந்த ஓர் அபிப்பிராயம் முதல்முதலாக வெளியே வந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நிழல் விழும்.

ஒரு வாரத்தில் செம்பாறைப்பட்டு இதற்குப் பழகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள், அவரவருக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். "கல்யாண வீட்ல டிரோன் தலைக்கு மேல சுத்தினா எனக்கு வாய்ல சோறு எறங்க மாட்டேங்குது" என்று ஒருவர், "ஏசி பஸ்ல எனக்குத் தூக்கம் வராது, ஜன்னல் காத்து மூஞ்சில அறையணும்" என்று ஒருவர், "எனக்கு ரீல்ஸ்தான் பிடிக்கும், மூணு மணி நேரம் ஒருத்தனையே பார்க்க என்னால ஆகாது" என்று ஒரு காலேஜ் பெண், இப்படித் துண்டு துண்டாக விழுந்த நிழலில் தாண்டித் தாண்டி அரிசி வாங்கிப் போனார்கள். பெண் பார்க்கிற சடங்கை வீட்டுக்குள்ளே வைப்பதை விட்டுவிட்டு உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தார்கள், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், ஒரு சம்பந்தம் முறிந்தது, இரண்டு சம்பந்தம் நிச்சயமானது. குழம்பு எப்படி என்று கேட்கிற மனைவிமார்கள் கணவன்மாரை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்கள். வடாம் பிழிகிறவர்களுக்குத்தான் கஷ்டம், எந்த நேரத்தில் யார் என்ன சொல்லி நிழல் விழுந்து மாவு ஊசிப்போகுமோ என்று பயம். அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் அட்மின் சித்தப்பாவை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வந்த செய்திகளை எல்லாம் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவர் படிக்கப் படிக்க வடாம் கலகலவென்று காய்ந்தது.

இப்படி ஊரில் எல்லோருக்கும் ஒரு சாண் நிழலாவது விழுந்தது, ஒருத்தியைத் தவிர. அவள் பூங்கோதை.

பூங்கோதை அந்தத் தியேட்டரின் வண்டி ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறவள். அட்டை டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வண்டியில் செருகி, மறுபாதியைக் கையில் கொடுப்பாள். பதினொரு வருஷமாக, கூரை இல்லாத அந்த மண்தரையில், நின்றுகொண்டே. ஓசூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த ஸ்டாண்டுதான் சோறு. அவளிடம் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டங்க" என்பாள். வண்டியை இந்தப் பக்கம் விடட்டுமா? உங்க இஷ்டங்க. இந்தப் புடவை நல்லாருக்கா? எதுன்னாலும் சரிதாங்க. பதினொரு வருஷத்தில் அவள் ஒரு படமும் முழுதாகப் பார்த்ததில்லை, படம் ஓடுகிற நேரம்தானே வண்டியைப் பார்க்கிற நேரம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சண்டையையும் அழுகையையும் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் குனிந்துகொண்டு, "எனக்கு..." என்று ஆரம்பிப்பாள். "எனக்கு வந்து..." அதற்கு மேல் வராது. கழுத்தில் வெயில் சுடும்.

"இன்னாக்கா, நெழல் விதைக்கிறியா அங்க?" என்று சாமிக்கண்ணு ஒருநாள் பார்த்துவிட்டான்.

"போடா. எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல போலக்கீது சாமி. டப்பா காலி."

"ஆட்டுக்கே விழுந்துச்சிக்கா நேத்து. முருங்கக்கீரய மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சி, குட்டியா ஒரு நெழல்."

"அப்ப ஆட்ட விட மோசமா நானு?"

"அய்ய, நான் எங்க அப்படிச் சொன்னேன்!" என்று அவன் ஓடிப்போனான்.

அவள் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு முழுக்க அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்றால், அப்புறம் இத்தனை வருஷம் இந்த இடத்தில் நின்றது யார்?

தியேட்டர் முதலாளி குணசீலனுக்கு வேறு கவலை. அவர் மச்சான் ஒரு படம் எடுத்திருந்தார். "எரிமலை ஏகாம்பரம்" என்று பேர். இந்தக் காலத்தில் படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் வாயில் மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பதும், அவர்கள் மூச்சுவிடாமல் "வேற லெவல்" என்பதும், அதைப் போனில் பார்த்துவிட்டு மற்றவர்கள் டிக்கெட் வாங்குவதும் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஆனால் செம்பாறைப்பட்டுத் தியேட்டர் வாசலில் எடுத்த வீடியோவை இப்போது ஜில்லா முழுக்கச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், வாயைப் பார்ப்பதில்லை, காலடியைப் பார்க்கிறார்கள், நிழல் விழுந்ததா இல்லையா என்று. அதற்கு முந்தைய இரண்டு படங்கள் இப்படியே காலடியில் படுத்துவிட்டன.

குணசீலன் யோசித்தார், யோசித்து, இந்த ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்புக் கணக்கைப் போட்டார். பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"பதினொரு வருஷமா வாயத் தொறக்காதவ நீ. உள்ள எவ்ளோ சேர்ந்திருக்கும்! நீ ஒரு தரம் தொறந்தா தியேட்டரே மூழ்கற மாதிரி விழும். வர்ற வெள்ளிக்கிழம மொத ஷோ உள்ள போயிப் பாரு. வெளிய வந்து மைக்குல இத அப்படியே சொல்லு." ஒரு காகிதத்தை நீட்டினார். படம் வேற லெவல். இன்டர்வல் பிளாக் வெறித்தனம். குடும்பத்தோட பார்க்கலாம். மூன்றே வரி.

"எனக்கு நெழல் விழாதுங்க முதலாளி."

"விழும். விழலன்னா..." அவர் ஜன்னலைக் காட்டினார். கீழே வேலூர் காண்டிராக்டரின் ஆள் ஸ்டாண்டு வாசலில் ஒரு மஞ்சள் கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தான். "ஆட்டோமேட்டிக் கேட்டு. சோலார்ல ஓடுது. டோக்கன் வாணாம், ஆள் வாணாம். திங்கக்கெழமலேருந்து அதுங்கையில ஸ்டாண்ட குடுக்கறதா, உன்கையிலயே விடறதான்னு வெள்ளிக்கிழம பார்த்துட்டு சொல்றேன். இன்னா சொல்ற?"

"உங்க இஷ்டங்க" என்றாள் பூங்கோதை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஆட்டத்துக்கு, ஸ்டாண்டைச் சாமிக்கண்ணுவிடம் விட்டுவிட்டு, அவள் தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பால்கனியில் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருப்பது அவள் கால்களுக்குப் புதிதாக இருந்தது. படத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். காகிதத்து மூன்று வரியையும் உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டேகால் மணிக்குக் கதவு திறந்தது. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வீடியோ எடுக்கிற ஆரோன் மைக்கோடு நின்றிருந்தான், ரசிகர்கள் மாலையும் பாலுமாக நின்றிருந்தார்கள், மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் குணசீலன் நின்றிருந்தார், பூங்கோதை வாயைத் திறக்கப் போகிறாளாம் என்று கேள்விப்பட்டுப் பேருந்து நிலையமே கம்பத்தை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தது.

"அக்கா, படம் எப்படி இருக்கு?"

"படம் வேற லெவல்" என்றாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெயில். "இன்டர்வல் பிளாக் வெறித்தனம்." வெயில். அவள் காலில் செருப்பு ஒட்டிக்கொண்டது. மேலே கண்ணாடியைப் பார்த்தாள். குணசீலன், ம், ம், மேலே சொல்லு என்று கையை ஆட்டினார். "குடும்பத்தோட..."

அந்தச் சமயம் ஒரு ரசிகன், படத்து ஹீரோ செய்ததைப் போலவே கூலிங் கிளாஸைச் சுழற்றி மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் கடைசியாக நின்ற வண்டியை ஓர் உதை உதைத்தான். அது பக்கத்து வண்டி மேல் சாய்ந்தது, அது அடுத்ததன் மேல், அது அடுத்ததன் மேல், படபடபடவென்று ஒரு வரிசை முழுக்க, முப்பத்தொரு வண்டி, மண்ணில் படுத்தது. கூட்டம் விசிலடித்தது.

"ஏய்!" என்றாள் பூங்கோதை.

அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை.

"யாருடா தூக்கறது? படத்துலயும் இதே கததான். ஒரு ஒதை ஒதைக்கிறான், வண்டி வண்டியா சாயுது, எல்லாரும் விசிலடிச்சீங்க. நான் எண்ணிக்கினு இருந்தேன். அறுவத்தி நாலு வண்டி. எவன் வந்து நிமித்துனான்? காட்டலியே! அவன் பாட்டுக்குப் பனியில போயி டான்ஸ் ஆடறான். ஒரு வண்டிய நிமித்தறதுக்கு முட்டி எப்படி வலிக்கும்னு தெரியுமா அவனுக்கு? நிமித்தறவளயும் காட்டினாதான் அது எனக்குப் படம். இல்லன்னா பாதிப் படம்."

மைக் பிடித்திருந்த ஆரோன்தான் முதலில் உணர்ந்தான், கையில் சில்லென்று. நிழல் விழுந்திருந்தது. கட்டில் அளவு இல்லை, புடவை அளவு இல்லை. ஸ்டாண்டு முழுக்க விழுந்து, சுவர் வரைக்கும் போய், சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

பூங்கோதை கீழே பார்க்கவில்லை. வாய் திறந்த பிறகு அது மூடுகிறதாக இல்லை. "ஆனா வில்லனோட அம்மா ஒரே ஒரு சீன் சிரிச்சாங்க பாரு, அது எனக்குப் பிடிச்சுது, அந்தச் சிரிப்புக்கு இன்னொரு தரம் பார்ப்பேன். ஹீரோயினி ஏன் எப்பப் பார்த்தாலும் ஓடியாறா, அந்தப் பொண்ணு ஒரு தரமாச்சும் மெதுவா நடந்து வரட்டும்னு இருந்துச்சி. டிக்கெட்ட போட்டோ புடிச்சிட்டு அப்புறம் தொலைச்சிட்டுத் தேடறீங்களே, அது எனக்குச் சிரிப்பா வரும். ஒரே வண்டில வந்து எறங்கி ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கினு போறாங்களே, அவங்கள பார்த்தா எனக்குப் பாவமா இருக்காது, எல்லாரும் பாவம்பாங்க, எனக்கு இல்ல, ஒருத்தர ஒருத்தர் நம்பிப் பேசாம இருக்காங்கன்னு தோணும். நல்ல படம்னா வெளிய வர்றவங்க கிக்கர மெதுவா ஒதைப்பாங்க, மோசமான படம்னா ரெண்டு ஒதை கூட விழும், பதினோரு வருஷமா உள்ள போவாமலே எந்தப் படம் எப்படின்னு எனக்குத் தெரியும்! புது சீட் கவர் வாசனை எனக்குப் பிடிக்கும். ஹாரன்ல கொழந்த அழுவற சத்தம் வெச்சிருக்கானே, அது பிடிக்காது. அப்புறம், பிரியாணி எனக்கு உயிரு, சாமிக்கண்ணு சொன்னது சுத்தத் தப்பு!"

"அய்யோ அக்கா!" என்று சாமிக்கண்ணு கத்தினான், ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நிழல் தியேட்டரைத் தாண்டியது. அவள் மேலும் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது ஒரு தெரு நகர்ந்தது. பேருந்து நிலையத்தை மூடியது, ரேஷன் கடையை மூடியது, வற்றிய ஆற்று மணலை மூடியது, மூன்று பக்கத்துப் பாறை மலையிலும் ஏறி உச்சியில் போய் நின்றது. மாடிகளில் வடாம் காயப்போட்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துவிட்டு, பிறகு போகட்டும் என்று அந்தக் குளிர்ச்சியில் பாயை விரித்துப் படுத்தார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த காக்காக்கள் பறந்தன.

வண்டியை உதைத்த ரசிகன் நிழலுக்குள் நின்று கூலிங் கிளாஸைக் கழற்றினான். "அந்த அறுவத்தி நாலுல என் வண்டி மாதிரியே ஒரு செகப்பு வண்டி இருந்துச்சிக்கா. விசிலடிச்சேன், ஆனா எனக்குப் பக்குனு ஆச்சு" என்றான், அவன் காலடியில் நிழல் இன்னும் கொஞ்சம் கறுத்தது. சொல்லிவிட்டுக் குனிந்து முதல் வண்டியைத் தூக்கினான். அடுத்ததை ஒருவன் தூக்கினான், அடுத்ததை ஒரு கண்டக்டர், அடுத்ததை ரெஜினா அக்கா, அடுத்ததைப் போலீஸ்காரர். ஆளுக்கொன்றாக முப்பத்தொரு வண்டியும் எழுந்து நின்றன, பூங்கோதை ஒரு வண்டியையும் தொடவில்லை. அப்போது எழுந்த விசில் படத்துக்குக் கூட எழவில்லை.

ஸ்டாண்டு வாசலில் மஞ்சள் கேட்டு கீச் கீச் என்று இரண்டு தரம் கத்திவிட்டு, பாதி தூக்கின கையோடு நின்றுபோயிற்று. காண்டிராக்டரின் ஆள் தட்டிப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான், அண்ணாந்து பார்த்தான்.

குணசீலன் ஏசி அறையை விட்டு இறங்கி வந்தார். "என்னப்பா, மெஷின் இன்னா ஆச்சு?"

"சோலார் சார். வெயில்ல ஓடற மெஷின். இங்க வெயிலே இல்லியே சார்."

"நாளைக்கு அடிக்கும்ல?"

காண்டிராக்டரின் ஆள் பூங்கோதையைப் பார்த்தான். ஊரும் பார்த்தது.

"பதினோரு வருஷத்துது இருக்குங்க" என்றாள் அவள். "இன்னும் மொத வருஷமே முடியல."

குணசீலன் நின்றுபோன கேட்டையும் நிமிர்ந்து நின்ற வண்டிகளையும் பார்த்தார். கூட்டத்தில் யாரும் அவருக்கு வழிவிடவும் இல்லை, வழிமறிக்கவும் இல்லை. பிறகு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, "மச்சான் படந்தான்... ஆனா எனக்கு இன்டர்வலுக்கு முன்னாடியே தூக்கம் வந்துடுச்சி" என்றார். அவர் வழுக்கைத் தலை மேல், கைக்குட்டை அளவுக்கு, அவருக்கே அவருக்கென்று ஒரு சின்ன நிழல் தனியாக விழுந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்க்கிறவர் போலத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஸ்டாண்டு உன்கையிலயே இருக்கட்டும் பூங்கோதை. உனக்கு வேற இன்னா வேணும், சொல்லு."

எல்லோரும் காத்திருந்தார்கள், வழக்கமான அந்த இரண்டு வார்த்தை வருமோ என்று. அவள் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள்.

"நாற்காலி" என்றாள். "முதுகு சாயற நாற்காலி. கை வெச்சது. பிளாஸ்டிக்கு எனக்குப் பிடிக்காது."

அப்படி ஒரு நாற்காலி தியேட்டரில் ஒன்றுதான் இருந்தது, குணசீலனின் அறையில். அவரே மேலே போய் அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார், சுழல்கிற சக்கரம் வைத்த நாற்காலி. பூங்கோதை அதை இழுத்து, வண்டிகளுக்கு எதிரே போட்டு, உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றினாள். ஊர் கைதட்டியது.

அன்றைக்கு மேட்னி ஷோவுக்கு யாரும் உள்ளே போகவில்லை, உள்ளே இருந்த ஏசியை விட வெளியே நன்றாக இருந்தது. ஒவ்வொருவராக வந்து டோக்கனின் பாதியை நீட்டினார்கள், அவள் உட்கார்ந்தபடியே வாங்கிப் பொருத்திப் பார்த்து அனுப்பினாள். எல்லோரும் கிக்கரை மெதுவாக உதைத்தார்கள். ரசிகர்கள் போனார்கள், கண்டக்டர்கள் போனார்கள், ஆரோன் மைக்கைச் சுருட்டிக்கொண்டு போனான், காண்டிராக்டரின் ஆள் மஞ்சள் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனான், குணசீலன் தலையைத் தடவிக்கொண்டே மேலே போனார்.

"நீ இன்னும் எதுக்குடா நிக்கற?" என்றாள் பூங்கோதை.

"பிரியாணியப் பத்தி நீ சொன்னத திரும்ப வாங்குக்கா" என்றான் சாமிக்கண்ணு.

"மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. பூங்கோதை எழுந்து, நாற்காலியைத் தூசி தட்டி, சுவரோரம் தள்ளிவிட்டு, மகளுக்கும் சேர்த்து இரண்டு பிரியாணி வாங்க, தலைக்கு முந்தானை போடாமல், தன் நிழலுக்குள்ளேயே, மெதுவாக, ஊரின் நடுத்தெரு வழியாக நடந்து போனாள்.